துரைசாணிக்குப் புகழ் பாடப் போனேன்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் நீலகிரிக்குப் போராடப் போகவில்லை. ஒரு வெள்ளைக்காரத் துரைசாணியைப் பாராட்டிப் பேசத்தான் போனேன். அதற்காகப் புதுச் சட்டைகூடத் தைத்துக்கொண்டேன்.

இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கு அருகில், ஆங்கில ஆசிரியனாக இருக்கிறேன். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். அந்தத் துரைசாணி நூறு வருஷத்துக்கு முன்பு நீலகிரியில் தன் குடும்பத் தேயிலைத் தோட்டத்தில் வாழ்ந்து, அந்த மலையைப் பற்றி ஒரு நாவல் எழுதியவள். இங்கிலாந்தில் அவளுக்குச் சிலை இருக்கிறது. அவள் கடைசிக் காலத்தில் இருந்த வீட்டைச் சீட்டு வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கிறார்கள். நான் அவளை இருபது வருஷம் வகுப்பில் நடத்தினேன். பிறகு ஆறு வருஷம் உட்கார்ந்து அந்த நாவலைத் தமிழில் மொழிபெயர்த்தேன்.

நாவலில் தோட்டத்துக்குக் கற்பனைப் பெயர். உண்மையில் அது எந்தத் தோட்டம் என்பது, குன்னூரில் இருந்து ஒரு பாரம்பரியச் சங்கம் அனுப்பிய கடிதத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. துரைசாணி இருந்த பங்களாவைப் புதுப்பித்து விருந்தினர் விடுதி ஆக்குகிறோம், அவள் பெயர்ப் பலகை திறக்கும் விழாவில் மொழிபெயர்ப்பாளர் பேச வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். கடிதத்தில் இருந்த தோட்டத்தின் பெயரை எங்கோ பார்த்த ஞாபகம். மேசை இழுப்பறையைத் திறந்தேன். என் அக்கா புஷ்பம் எனக்குப் போட்ட கடிதங்களின் பின்பக்கத்தில், அனுப்புநர் முகவரியில், அதே பெயர்.

இரண்டு அரசாங்கங்கள் ஒப்பந்தம் போட்டு எங்களைப் பங்கு பிரித்தபோது, அக்கா கட்டிக்கொண்ட குடும்பம் இந்தியாவுக்கு விழுந்தது. நாங்கள் இலங்கைக்கு. அவள் கப்பல் ஏறியபோது எனக்குப் பத்து வயது. ஆறு வருஷமாக நான் வரி வரியாகத் தமிழாக்கிய மலையில்தான் அவள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள்.

*

குன்னூருக்கு மலை ரயிலில் வர ஆசைப்பட்டேன். பாதி வழியில் எஞ்சின் மூச்சு விட்டுவிட்டு நின்றுவிட்டது. ஒன்றரை மணி நேரம் காட்டுக்குள் நின்றோம். எதிரில் உட்கார்ந்திருந்த கோயம்புத்தூர்க் குடும்பம் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, கேட்காமலே எனக்கும் ஒரு கை வைத்தது. "சிலோன்லயும் மல இருக்குதுங்களா?" என்று அந்த அம்மாள் கேட்டார். இருக்கிறது என்றேன். "அங்கயும் நம்மாளுங்கதான் தேயில பறிக்கறாங்களா?" அதற்கும் ஆமாம் என்றேன். "அப்ப எங்க போனாலும் நம்மாளுங்கதான்," என்று பெருமையாகத் தன் கணவரிடம் சொன்னார்.

நிலையத்தில் சங்கத்தின் செயலாளர் காத்திருந்தார். பெயர் சண்முகசுந்தரம். வேலையில் இருந்த காலம் முழுவதும் ஏலத்துக்கு வரும் தேயிலையை ருசி பார்த்து மதிப்பிட்டவர். அவர் அழைத்துப் போன கடையில் வர்க்கியும் தேநீரும் கொடுத்தார்கள். வர்க்கி அடுக்கடுக்காக உதிர்ந்தது, நன்றாக இருந்தது. தேநீரில் மட்டும் நிறத்தைத் தவிர எதுவும் இல்லை. மலையில் விளைகிற நல்ல இலை வெளியே போய்விடும், விளைவிக்கிறவனுக்குத் தூள். அந்த வழக்கம் எங்கள் நாட்டிலும் இதேதான்.

"வெல விழுந்து வருசக்கணக்காச்சுங்க சார். ஏலத்துக்குப் போற சரக்குல பாதி அப்படியே திரும்புது," என்றார் செயலாளர். "பேக்டரிக எல்லாம் ஒண்ணொண்ணாப் பூட்டறாங்க. இனித் தேயில விக்காதுங்க. ஆனா துரைசாணி விப்பாங்க. அதுக்குத்தானுங்க இந்த விழா."

நான் சிரித்தேன். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். இப்போதும் அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன்.

*

மறுநாள் பந்தலூருக்குப் பேருந்தில் போனேன். விழாவுக்கு இரண்டு நாள் இருந்தது. அதுவரை அக்கா வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. ஊட்டி தாண்டிச் சரிவில் இறங்கும்போது டயர் வெடித்தது. எல்லாரும் இறங்கி மூடுபனியில் நின்றோம். சாலையோரச் சாக்கடையில் பச்சைத் தேயிலை மூட்டை மூட்டையாகக் கொட்டிக் கிடந்தது. ஒரு மாடு வந்து முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. பக்கத்தில் நின்ற படுகர் இருவர் தங்கள் மொழியில் ஏதோ பேசிக்கொண்டார்கள். என்னவென்று கேட்டேன். ஒருவர் தமிழில் சொன்னார்: "மாடு கூட வேணாங்குது, நாம எப்படி விக்கிறதுன்னு சொல்றான்."

கூடலூரில் மலையாளிக் கடையில் பரோட்டா தின்றேன். அதற்குப் பிறகு மலை எங்கள் ஊரைப் போலவே ஆகிவிட்டது. அதே பச்சை, அதே வளைவு. ஆனால் எங்களூரில் தேயிலைச் செடி இடுப்புக்கு மேல் வளராது. இங்கே பறிக்க ஆளில்லாமல், கவாத்து வெட்டாமல், செடிகள் ஆள் உயரத்துக்கு மரமாகி நின்றன. பிறந்ததிலிருந்து தேயிலையைப் பார்த்தவன் நான். தேயிலை மரமாக வளரும் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

அக்கா தோட்டத்து முச்சந்தியில் நின்றிருந்தாள். எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவள்தான் என்னைக் கண்டுகொண்டாள்.

"அப்பாவாட்டமே நடக்குறியேடா தம்பி," என்றாள். அவ்வளவுதான். கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். அழுகை வழியில் வரவில்லை, வீட்டு வாசலில்தான் வந்தது, இருவருக்கும்.

லயத்தை இங்கே பாடி என்கிறார்கள். அக்கா இன்னும் லயம் என்றுதான் சொல்கிறாள். பத்து வீட்டு வரிசையில் ஆறில்தான் ஆள் இருந்தது. மற்றவர்கள் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்கு இறங்கிவிட்டார்கள். அக்காவின் மகளும் அங்கேதான் இருக்கிறாள், ஒற்றை அறையில், கணவன் குழந்தையோடு. அக்காவின் கணவர் இறந்துவிட்டார். தொழிற்சாலைக் கதவில் பூட்டுத் தொங்கியது. வாரத்தில் இரண்டு நாள்தான் வேலை.

தேங்காய் ரொட்டி தட்டி, அம்மியில் மிளகாய் வைத்துக் கட்டசம்பல் அரைத்து வைத்தாள். அம்மாவின் கை ருசி அப்படியே இருந்தது. சாப்பிட்டபடியே செய்தி சொன்னாள்.

"ஒன் பொஸ்தகத்தால எனக்கு வேல கெடைக்கப் போவுது. குன்னூருக்காரவுக வந்தப்ப, மொழிபெயர்த்தவரு என் தம்பின்னு சொன்னேன். நம்பல. ஒன் கடுதாசியக் காட்டுனேன். அப்பறந்தான், அப்படின்னா பங்களா அடுப்படியில ஒனக்கு ஒரு வேலன்னு செயலாளரு சொல்லிட்டாரு."

"நல்லதுதானே அக்கா."

"நல்லதுதான். இந்த லயத்த இடிச்சுக் காரு நிப்பாட்ட எடம் போடுறாக. பங்களாவுல வேல இருக்கறவுகளுக்கு மேல் லயத்துல வீடு. இல்லாதவுக போகணும்." கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "அதனால அவுக மனசு கோணாம பேசிட்டு வா."

சாப்பிட்ட பிறகு புத்தகத்தை எடுத்தேன். அவள் பிறந்து வளர்ந்த வாழ்க்கையை ஒரு மேதை எழுதியிருக்கிறாள், நான் தமிழில் தந்திருக்கிறேன், அக்கா கேட்கட்டும் என்ற கர்வம் எனக்கு இருந்தது. எல்லாப் பாடநூலிலும் வருகிற புகழ்பெற்ற இடத்தையே எடுத்தேன். விடியலில் மணி அடிக்கிறது. கூடைகளைத் தலையில் மாட்டிய பெண்கள் மூடுபனிக்குள் பாடிக்கொண்டே மலை ஏறுகிறார்கள். துரைசாணி ஜன்னலில் நின்று கேட்கிறாள்.

அக்கா என்னை நிறுத்தினாள்.

"பாடிக்கிட்டா?"

"ஆமா."

"மலையேறயில மூச்சு வாங்கும். பாட்டு எப்படிடா வரும்?"

நான் அந்த வரியைத் திரும்பப் பார்த்தேன். "அது ஏதாச்சும் ஒப்பாரியா இருக்கும். யாராச்சும் செத்துருப்பாக," என்று சொல்லிவிட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள்.

இந்த ஒரு வரிக்கு நான் மூன்று நாள் செலவழித்திருக்கிறேன். 'பாடியவாறு' என்பதா, 'பாடிக்கொண்டே' என்பதா என்று யோசித்து யோசித்து. என் அம்மா மலையேறி இறங்கி இறங்கியே நெஞ்சு நோய் வந்து செத்தவள். அவள் பாடியதில்லை என்பது எனக்கு அந்த மூன்று நாளும் நினைவுக்கு வரவே இல்லை.

*

மூன்றாம் நாள் பங்களாவுக்கு அழைத்திருந்தார்கள். துரைசாணியின் தம்பி வழிக் கொள்ளுப்பேத்தி ஹெலன் இங்கிலாந்திலிருந்து வந்திருந்தார். எழுபது வயதிருக்கும். 'துரைசாணி விருந்து' என்று பெயரிட்டு மிளகுத்தண்ணி சூப்பும் கோழி வறுவலும் பரிமாறினார்கள். விடுதியில் இனி தினமும் அதுதான் உணவாம். ஹெலன் சூப்பை ஒரு கரண்டி குடித்துவிட்டுத் தள்ளி வைத்தார்.

நாவலில் வரும் நூலக அறை அப்படியே இருந்தது. கூரை வரைக்கும் புத்தகம், ஏணி, தோல் நாற்காலி. அந்த அத்தியாயத்தை நான் பொறாமையோடு மொழிபெயர்த்திருக்கிறேன். ஒரு வீட்டில் இவ்வளவு புத்தகம் இருந்தால் யார்தான் எழுத மாட்டார்கள்?

ஹெலன் என்னைத் தனியாக அந்த அறைக்குக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினார். ஒரு காகிதக் கட்டை நீட்டினார்.

"நீங்கள் எதை மொழிபெயர்த்தீர்கள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்," என்றார்.

துரைசாணியின் தாத்தாவுக்கு மேற்கிந்தியத் தீவு ஒன்றில் கரும்புத் தோட்டம் இருந்திருக்கிறது. ஆப்பிரிக்காவில் பிடித்துக் கொண்டுவந்த அடிமைகளை வைத்துப் பயிர் செய்தார்கள். அடிமை முறையை ஒழித்தபோது இங்கிலாந்து அரசாங்கம் நஷ்டஈடு கொடுத்தது.

"அடிமைகளுக்கா?" என்று கேட்டேன்.

"முதலாளிகளுக்கு," என்றார் ஹெலன். "சொத்துப் போன நஷ்டத்துக்கு. அடிமைகளுக்கு ஒன்றும் இல்லை. அந்தப் பணத்தில்தான் தாத்தா இந்த மலையை வாங்கினார். இந்தப் புத்தகங்களும் அதில் வாங்கியவைதான்."

கட்டில் அடிமைகளின் பெயர்ப் பட்டியல் இருந்தது. படித்த குடும்பம் அல்லவா, கிரேக்க, ரோமானியத் தெய்வங்களின் பெயர்களாகப் பார்த்து வைத்திருந்தார்கள். ஜூபிட்டர், அப்பல்லோ, டயானா. ஒரு வரியில், வீனஸ், வயது இரண்டு. அவர்களுடைய தாய் வைத்த பெயர் எதுவும் அதில் இல்லை.

அடுத்து தாத்தா இங்கிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதம். இங்கேயும் நிலத்துக்கு விலை பேசும்போது அதில் வேலை செய்கிற பணியர்களையும் சேர்த்தே பேசுகிறார்கள், பழகிய முறை என்பதால் சிரமம் இல்லை என்று எழுதியிருந்தார். பணியர் இந்தக் காட்டின் பழங்குடிகள். அவர்கள் போதாமல் போனபோது கீழ்நாட்டில் பஞ்சம் வந்தது, ஆள்பிடிக்கும் கங்காணிகள் எங்கள் ஆட்களை நடத்திக் கூட்டிவந்தார்கள். பிறகு வந்த கதையை எனக்கு யாரும் கடிதத்தில் காட்ட வேண்டியதில்லை.

"நாளைக்கு நீங்களே இதைச் சொல்லலாமே," என்றேன்.

"நான் சொன்னால் என் ஊரில் என் நேர்மையைப் பாராட்டுவார்கள். பத்திரிகையில் படம் வரும். அதை நினைத்தால் எனக்கு அருவருப்பாக இருக்கிறது," என்றார். "நீங்கள் சொன்னால் என்ன ஆகும்?"

"தெரியாது," என்றேன். அது பொய். என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

லயத்துக்குத் திரும்பியதும் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அரிசி களைந்துகொண்டே கேட்டாள். வீனஸ் என்ற குழந்தையைப் பற்றிச் சொன்னபோது கை நின்றது.

"ரெண்டு வயசுப் பிள்ளையையுமா?"

"ஆமா."

அரிசியை உலையில் போட்டாள். பிறகு, "பாவந்தான். ஆனா அவுக செத்து எம்புட்டோ காலமாச்சு தம்பி. நான் இன்னும் உசிரோட இருக்கேன்," என்றாள்.

*

விழாவுக்குப் பந்தல் போட்டிருந்தார்கள். முன்னால் நாற்காலிகளில் ஊட்டி, குன்னூர்ப் பெரிய மனிதர்கள். பின்னால், தார்ப்பாய்க்குக் கீழே, தோட்டத்து ஆட்கள் சாப்பாட்டுப் பொட்டலத்துக்காக நின்றார்கள். அக்காவுக்கு அன்றைக்கே விடுதியின் சீருடைச் சேலை கொடுத்திருந்தார்கள், பச்சைக் கரை போட்டது. தட்டில் தேநீர்க் கோப்பைகளோடு வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தாள். எனக்கும் ஒரு கோப்பை தந்தாள். "சுருக்கமாப் பேசு," என்று மெதுவாகச் சொன்னாள்.

சட்டைப் பையில் இரண்டு உரைகள் இருந்தன. ஒன்று ஹட்டனிலிருந்து எழுதிக் கொண்டுவந்தது. மற்றது ஹெலன் தந்த பட்டியல்.

எழுந்து நின்று புகழ்பெற்ற அந்த இடத்தைத்தான் வாசிக்க ஆரம்பித்தேன். மணி அடித்தது, மூடுபனி வந்தது, பெண்கள் கூடையை மாட்டினார்கள். 'பாடிக்கொண்டே' என்ற சொல் வந்தது. புத்தகத்தை மூடினேன்.

மலையேறுகிறவர்களால் பாட முடியாது என்றேன். இதை எழுதிய அம்மையாருக்கு அது தெரியாமல் போனதற்கு மன்னிப்பு உண்டு, அவர் ஏறியதில்லை. மொழிபெயர்த்த எனக்கு மன்னிப்பு இல்லை, என் அம்மா ஏறினாள் என்றேன். பிறகு பட்டியலை எடுத்து வாசித்தேன். ஜூபிட்டர், அப்பல்லோ, டயானா, வீனஸ் என்று கடைசிப் பெயர் வரைக்கும். இந்தப் பங்களாவும் இதிலிருக்கும் புத்தகங்களும் அந்த நாவலும் எந்தப் பணத்தில் வந்தன என்று சொன்னேன். இப்போது அந்த நாவலின் பெயரால் ஆறு குடும்பம் இருக்கும் லயத்தை இடிக்கப் போகிறார்கள் என்பதையும் சொன்னேன்.

கூட்டத்தில் யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். பிறகு முன்வரிசையில் ஒருவர் கைதட்ட, எல்லாரும் கைதட்டினார்கள். "உணர்ச்சிகரமான உரை," என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஹெலன் அழுதார். அதைப் படம் பிடித்தார்கள். பிறகு திரையை விலக்கிப் பெயர்ப் பலகையைத் திறந்தார்கள். பித்தளை பளபளத்தது. தார்ப்பாய்க்குக் கீழே பொட்டலம் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

செயலாளர் என்னைத் தனியே அழைத்துப் போனார். கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"ஏனுங்க சார், இப்படிப் பண்ணிப்போட்டீங்களே. நீங்க சொன்னதெல்லாம் நெசமாவே இருக்கட்டுங்க. இந்தப் பங்களா ஓடுனாத்தான் இங்க பத்துப் பேருக்காவது சோறு. தோட்டத்து மொதலாளிக முன்வரிசையில பாத்துட்டிருந்தாங்க. உங்க அக்கா விசயத்துல இனி நான் ஒண்ணும் பேச முடியாதுங்க. தப்பா நெனைக்காதீங்க."

"நான் பேசியதற்கு அவளைத் தண்டிக்கலாமா?"

"தண்டனை இல்லீங்க. ஆளக் கொறைக்கறாங்க, அவ்வளவுதான்," என்றார். கண்ணைப் பார்க்காமல் சொன்னார்.

லயத்துக்குப் போனபோது அக்கா பழைய சேலைக்கு மாறியிருந்தாள். சீருடைச் சேலையைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள். காய்ந்ததும் நாலாக மடித்துப் பங்களாவில் கொடுத்துவிட்டு வந்தாள். நான் கொண்டுபோகிறேன் என்றதற்கு, "நீ போனது போதும்," என்றாள். விழாவுக்குப் பிறகு அன்று அவள் என்னோடு பேசிய ஒரே வார்த்தை அது.

*

ஐந்தாம் நாள் காலை இரண்டு மூட்டையும் ஒரு தகரப் பெட்டியும் கட்டி வைத்திருந்தாள். லயத்தைக் காலி பண்ண இன்னும் நாள் இருந்தது. அவள் காத்திருக்கவில்லை.

"தள்ளிவிடுற வரைக்கும் நிக்கணுமாக்கும்," என்றாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் கணவனைப் புதைத்த இடத்தைச் சொல்லி, தைப்பொங்கலுக்கு ஒரு பூ போடச் சொன்னாள். அம்மியை மட்டும் கொண்டுபோக முடியவில்லை. அதை அந்த அம்மாளுக்கே கொடுத்துவிட்டாள்.

மகள் இருக்கும் திருப்பூருக்குப் பேருந்து பந்தலூரிலிருந்து. மூட்டைகளை நான் சுமந்தேன். பாதை ஏற்றம். இருவரும் பேசவில்லை, பேச மூச்சு இல்லை.

நிலையத்தில் வண்டி கிளம்பத் தயாராக நின்றது. பெட்டியை மேலே ஏற்றிவிட்டு ஜன்னல் பக்கம் வந்து நின்றேன்.

"அக்கா, என்கூட வந்துர்றியா?"

"எந்தப் பாஸ்போட்டுல?" என்றாள்.

அவளே தொடர்ந்தாள். குரலில் கோபம் இல்லை. "நீ பேசுனது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். நெசத்தத்தான் சொன்ன. பின்னால நின்ன ஆளுகள்ல ரெண்டு பேரு அந்தப் பேருகள இன்னும் சொல்லிக்கிட்டிருக்காக. ஆனா பேசுனது நீ. போறது நான்."

"தெரியுதுக்கா."

"தெரிஞ்சு பேசுனியே, அதத்தான் நெனச்சுக்கிட்டிருக்கேன்."

எஞ்சின் உறுமத் தொடங்கியது. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"நேத்து வந்திருந்த வெள்ளக்காரம்மாவுக்கு அவுக ஊர்ல வீடு இருக்காடா?"

"இருக்கு. பெரிய வீடு."

"திரும்பிப் போனா உள்ள விடுவாகளா?"

"அவங்க வீடுதானே. விடுவாங்க."

"அப்பறம் என்னாத்துக்கு அழுதாக?"

நடத்துநர் விசில் அடித்தார். வண்டி நகர்ந்தது.